கரூரா காட்டில் பார்த்தது ஒரே இனம்தான்

நைரோபியின் கரூரா காட்டில் வால் வைத்த மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்று, வாலே இல்லாத கறுப்பு வெள்ளைப் பட்டாம்பூச்சியோடு இணைந்திருந்ததாகவும், இரண்டும் வேறு வேறு இனமா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை, இரண்டுமே பாப்பிலியோ டார்டானஸ் என்ற ஒரே ஆப்பிரிக்கப் பட்டாம்பூச்சி இனம். மஞ்சள் ஆண், மற்றது பெண். கொடுத்துவைத்தவர் நீங்கள், இந்தக் காட்சி எல்லோருக்கும் வாய்க்காது!

ஆண் எங்கும் ஏறக்குறைய ஒரே தோற்றம்தான். பெண்தான் பல வேஷம் போடும். பறவைகள் ஒதுக்கும் நச்சுள்ள அமௌரிஸ் என்ற வேறு பட்டாம்பூச்சி இனங்களைப் போலவே இறக்கை நிறத்தை அமைத்துக்கொண்டு தப்பிக்கிறது. ஆனால் மடகாஸ்கரிலும், பெரும்பாலும் எத்தியோப்பியாவிலும் பெண்ணும் ஆணைப் போலவே வாலோடு மஞ்சளாக இருக்கும். இவை எல்லாம் ஒரே இனம் என்று 1860களின் இறுதியில் பூச்சியியலாளர் ரோலண்ட் டிரைமன் சொன்னபோது பலர் நம்பவே இல்லை.

நீங்கள் பார்த்த கறுப்பு வெள்ளைப் பட்டாம்பூச்சி அசல் அமௌரிஸாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்குக் கால்களை எண்ணிப் பாருங்கள். டார்டானஸ் ஆறு கால்களில் நிற்கும். அமௌரிஸுக்கு முன்னங்கால்கள் சுருங்கியிருப்பதால் நான்குதான் தெரியும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நைரோபி மேட்டுநிலத்தில் அமௌரிஸ் குறைவு. அசலைப் பறவைகள் அதிகம் சந்திக்காததால் கச்சிதமான வேஷத்துக்கும் பெரிய லாபம் இல்லை. அதனால் அங்கே அரைகுறை வேஷப் பெண்களும் நிறையத் தப்பிப் பிழைக்கின்றன.

அப்புறம், வீட்டில் எலுமிச்சைச் செடி இருந்தால் மருந்தடிக்காமல் விடுங்கள். இதன் புழுக்கள் அந்தக் குடும்பத்து இலைகளைத்தான் தின்னும்.