அடிக்கவில்லை, ஆனால் மதிக்கவில்லை: சட்டம் என்ன சொல்கிறது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "பதினான்கு ஆண்டுகளில் என் கணவர் என்மீது ஒருநாளும் கை வைத்ததில்லை. ஆனால் யார் வந்தாலும் அவர்கள் முன்னால் ‘இதுக்கு என்ன தெரியும்’ என்றுதான் என்னைப் பற்றிப் பேசுவார். பன்னிரண்டு வயது மகளும் இப்போது அப்படியே பேசத் தொடங்கிவிட்டாள். பிரிய எனக்கு விருப்பமில்லை. தெரிந்தவர் ஒருவர், முத்திரைத்தாளில் திருமண விடுதலைப் பத்திரம் எழுதிக் காட்டினால்தான் அவருக்குப் பயம் வரும், பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்கிறார். கையெழுத்திடலாமா?"

கூடாது, அம்மா. அந்தத் தாளில் பெயரின் முதல் எழுத்தைக்கூட எழுதாதீர்கள்.

நீதிமன்ற வாசலில் டைப்பிங் கடைகளைச் சுற்றி நிற்கும் புரோக்கர்கள் இந்தப் பத்திரத்தை எத்தனை குடும்பங்களுக்கு விற்றிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது. நோட்டரி முத்திரை குத்திவிட்டால் திருமணம் முறிந்துவிடாது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி நடந்த திருமணத்தை நீதிமன்றத் தீர்ப்புதான் முறிக்க முடியும். ஆனால் அந்தத் தாள் வேறு வேலை செய்யும். நகை, சீர், ஜீவனாம்சம் எதுவும் வேண்டாம் என்று அதன் மூன்றாம் பத்தியில் ஒரு வரி இருக்கும். நாளை நீங்கள் நீதிமன்றம் போனால், விருப்பப்பட்டு விலகிச் சென்றவர் என்று உங்கள் கையெழுத்தையே உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. புரோக்கர்கள் அதைத்தான் பெரிதாகப் பேசுவார்கள் என்பதால் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். அதே சட்டத்தின் 29(2) பிரிவு, சில சமூகங்களில் வழிவழியாக இருந்துவரும் ‘அத்துவிடும்’ வழக்கத்தை, அதாவது நீதிமன்றம் போகாமலே திருமணத்தை முறித்துக்கொள்ளும் வழக்கத்தை, ஏற்கிறது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசிவிட்டார்கள் என்பது மட்டும் வழக்கமாகிவிடாது. அந்தச் சமூகத்தில் அது நெடுங்காலமாக, இடைவிடாமல், எல்லாராலும் ஏற்கப்பட்டு வந்திருக்கிறது என்பதைச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். அந்தப் பொறுப்பும் வழக்கம் உண்டு என்று சொல்பவர் தலையில்தான் விழும். உங்கள் தாத்தா பாட்டி காலத்திலிருந்து உங்கள் உறவுமுறையில் அப்படி அத்துவிட்டவர்கள் உண்டா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்த விலக்குக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை.

இனி உங்கள் உண்மையான வேதனைக்கு வருகிறேன். கட்டிய மனைவியை ‘இவள்’ என்றுகூடச் சொல்லாமல், நாற்காலியைச் சுட்டுவதுபோல ‘இது’ என்று சுட்டுவது சிறிய விஷயம் என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அவமதிப்பு, ஏளனம், இழிவுபடுத்துதல், பட்டப்பெயர் வைத்து அழைத்தல் ஆகியவற்றையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. அதைவிட முக்கியம், இந்தச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கேட்பதற்கு நீங்கள் விவாகரத்துக் கேட்க வேண்டியதில்லை, வீட்டை விட்டு வெளியேற வேண்டியதும் இல்லை.

மாவட்ட சமூகநல அலுவலகத்தின் வழியாகப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். உங்கள் புகாரை அவர் படிவத்தில் பதிந்து நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். நடுவர் இருவரையும் ஆலோசனைக்கு அனுப்பலாம். அந்த ஆலோசனைக்கென இந்தச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது: நடந்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்கக் கணவருக்கு அங்கே அனுமதி கிடையாது, இனி அப்படி நடக்காது என்ற உறுதிமொழியைத்தான் அவர் தர வேண்டும். ‘அவள் சமையல் சரியில்லை, அதனால் சொன்னேன்’ என்ற பேச்சுக்கு அந்த மேசையில் இடமில்லை. உங்களைப் போலச் சேர்ந்து வாழவும் வேண்டும், மரியாதையும் வேண்டும் என்று கேட்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? மனுவை அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா மேல் வாய்தாவாக மாதங்கள் ஓடுகின்றன. ஆலோசனை என்ற பெயரில் கால் மணி நேரம் உட்கார வைத்து, ‘குழந்தைக்காக அனுசரித்துப் போங்கள்’ என்று மனைவியிடமே சொல்லி அனுப்பும் மேசைகளுக்கு முன்னால் நான் பலமுறை நின்றிருக்கிறேன். விதியைப் படிக்காதவரை அந்த நாற்காலியில் உட்கார வைப்பது, புகார் கொடுக்க வந்தவரை இன்னொரு முறை அவமதிப்பதுதான். அப்படி யாராவது சொன்னால், கணவரின் உறுதிமொழி எழுத்தில் வேண்டும் என்று நிதானமாகக் கேளுங்கள்.

வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு; நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகத்தைக் கேட்டுப் போகலாம். அவசரமென்றால் 181 என்ற எண்ணுக்கு அழையுங்கள். போகும்போது, எந்த நாளில், யார் முன்னால், என்ன சொன்னார் என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதிய நோட்டு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தெரிந்தவர் தாளை ஏற்கெனவே உங்களிடம் கொடுத்திருந்தால் கிழித்துப் போடாமல், கையெழுத்திடாத அந்தத் தாளையும் அங்கே காட்டுங்கள்.