புரொடக்‌ஷனில் லாக் லெவலை எரர் என்று மட்டும் வைத்தால் போதாதா?

ஜாவாவில் லாக் எழுதும் லாக்பேக், ஆப் கட்ட உதவும் ஸ்பிரிங் பூட் என்று எழுதியிருக்கிறீர்கள். (லாக் என்பது புரோகிராம் ஓடும்போது எழுதி வைக்கும் குறிப்பு. எவ்வளவு முக்கியமானதிலிருந்து எழுத வேண்டும் என்பதுதான் லெவல்.) மேலாளர் லாக் சேமிக்கும் பில்லைப் பார்த்துவிட்டு "எரர் மட்டும் போதும்" என்று சொல்லியிருப்பார், நீங்கள் இங்கே வந்து கேட்கிறீர்கள். சரியா? போதாது. எல்லாவற்றுக்கும் பொதுவான ரூட் லாகருக்கு இன்ஃபோ வையுங்கள், அதிகம் பேசுகிற லைப்ரரிகளை மட்டும் வார்ன் ஆக்குங்கள். பதில் அவ்வளவுதான், மீதி என் வயிற்றெரிச்சல்.

நான் முன்பு சிங்கப்பூரில், உபி வட்டாரத்தில் ஒரு கம்பெனியில் இருந்தேன். கடைகளிலிருந்து வரும் ஆர்டர்களை லாரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற சாஃப்ட்வேர். நான் சேர்வதற்கு முன்பே ரூட் லெவலை எரரில் வைத்துவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆர்டர்கள் உள்ளே வருகின்றன, லாரிக்குப் போகவில்லை. லாக்கைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை.

லாக்பேக்கில் டிரேஸ், டீபக், இன்ஃபோ, வார்ன், எரர் என்று முக்கியத்துவத்தில் ஏறுவரிசை. எரர் என்று வைத்தால் அதற்குக் கீழே உள்ள நான்கும் எழுதப்படாமலே போய்விடும். எங்கள் கோடில், வெளியே உள்ள இன்னொரு சிஸ்டத்தின் ஏபிஐ பதில் தராவிட்டால் வார்ன் எழுதிவிட்டு மறுபடி முயலும். முயன்றுகொண்டே இருக்கும், கைவிடவே கைவிடாது. கைவிட்டால்தானே எரர் வரும்?

மேலாளர் போனில், "எல்லாத்தையும் டீபக்ல போடு லா" என்றார். நான் மாட்டேன் என்றேன். ரூட்டை டீபக் ஆக்கினால், வெளி சர்வர்களோடு பேசும் லைப்ரரியான அப்பாச்சி எச்டிடிபி கிளையண்ட் போய் வரும் மொத்தத்தையும் கொட்டிவிடும். டோக்கன், வாடிக்கையாளர் முகவரி, போன் நம்பர் எல்லாம் லாக் விற்பனையாளரின் சர்வரில் போய் உட்கார்ந்துகொள்ளும். 2012-இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் யார் பதில் சொல்வது? ரீஸ்டார்ட் செய்தால் மெமரியில் நிற்கிற ஆர்டர் வரிசையும் போய்விடும். அதனால் ஓடுகிற ஆப்பைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ஸ்பிரிங் பூட் ஆக்சுவேட்டரின் லாகர்ஸ் முகவரிக்கு எங்கள் டிஸ்பேட்ச் பேக்கேஜின் (லாரிக்கு அனுப்பும் கோடின்) பெயரை மட்டும் அனுப்பி டீபக் ஆக்கினேன். ரீஸ்டார்ட் வேண்டாம், லெவல் அந்த நொடியே மாறும். உடனே வந்து விழுந்தது: "வார்ன், டைம் அவுட், மறுமுயற்சி 212." அதன் கீழேயே 213. வேலை முடிந்ததும் லெவலுக்கு நல் (null, அதாவது வெற்று மதிப்பு) அனுப்பினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். (அந்த முகவரி வெப் வழியாக இயல்பில் திறந்திருக்காது, நீங்கள்தான் திறக்க வேண்டும். திறந்தால் பாஸ்வேர்ட் இல்லாமல் விடாதீர்கள்.)

"மெட்ரிக்ஸ் வைத்திருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை" என்று யாராவது கீழே எழுதுவார்கள். வையுங்கள், வேண்டாம் என்று நான் சொன்னேனா? எத்தனை ஆர்டர் தவறியது என்று மெட்ரிக்ஸ் சொல்லும். எந்த ஆர்டர், எந்த லாரி என்பதை லாக்கில்தான் பார்க்க முடியும்.

லெவலை மாற்றினால் மட்டும் தீராது, கோடில் எழுதுகிறவர்களும் திருந்த வேண்டும். வாடிக்கையாளர் ஆறு இலக்க தபால் குறியீட்டை ஐந்தாகத் தட்டினால் அது எரரா? எங்கள் ஆட்கள் ஸ்டாக் டிரேஸோடு (கோடில் எந்தெந்த வரி வழியாக வந்தது என்ற நீளப் பட்டியல்) எரர் போட்டிருந்தார்கள். ஒவ்வோர் எரருக்கும் ஸ்டாண்ட்பையில் இருப்பவரின் போன் அடிக்கும். என் கணக்கு இதுதான்: இதைப் பார்த்து ஒருவர் இந்த ராத்திரியே எழுந்து ஏதாவது செய்தாக வேண்டுமென்றால் எரர். காலையில் பார்த்தால் போதுமென்றால் வார்ன். தப்பான தபால் குறியீட்டுக்கு இன்ஃபோ தாராளம். லாக் எழுதுவதற்கான இன்னொரு தரமான சிஸ்லாக் மாதிரி 0 எமர்ஜென்சியில் தொடங்கி 7 டீபக் வரை எட்டு லெவல் வேண்டுமென்று ஒருவர் மீட்டிங்கில் ஆரம்பித்தார். ஐந்தையே நாங்கள் ஒழுங்காக ஆளவில்லை.

ஸ்டாண்ட்பை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சீனப் புத்தாண்டு இரண்டு நாளும் எனக்குத்தான் போடுவார்கள், "நீ கொண்டாட மாட்டாயே" என்று. சரி, நியாயம். தீபாவளிக்கும் எனக்கே! "ஒரு நாள் லீவுதானே, லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்" என்றார்கள். விடியற்காலை தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்து, யாரோ தெம்பனிஸில் தட்டிய ஐந்து இலக்கத்தின் ஸ்டாக் டிரேஸைப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா சீயக்காயைக் குழைத்துக்கொண்டே, "இதுக்கா படிச்சே?" என்றார். அலவன்ஸும் கிடையாது. எல்லாக் கம்பெனியும் இப்படி என்று நான் சொல்லவில்லை, இப்போது இருக்கிற இடத்தில் முறை வைத்து மாற்றிக்கொள்கிறோம்.

உங்கள் பில்லுக்கு வருவோம். டேட்டாபேஸோடு பேசும் ஹைபர்னேட்டையும் எச்டிடிபி கிளையண்டையும் வார்னில் வையுங்கள், ஒரே ரிக்வெஸ்டுக்கு நான்கைந்து இன்ஃபோ எழுதும் இடங்களை ஒன்றாக்குங்கள். ஏதாவது பேக்கேஜுக்குத் தனி அப்பெண்டர் (லாக்கை ஓரிடத்துக்கு அனுப்பும் பகுதி) கொடுத்திருந்தால் அங்கே அடிட்டிவிட்டியை ஃபால்ஸ் ஆக்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஆக்காவிட்டால் அதே வரி ரூட்டின் அப்பெண்டரிலும் விழும். இரண்டும் ஒரே இடத்துக்குப் போனால் ஒரே வரிக்கு இரண்டு முறை காசு கட்டுவீர்கள்.