விடியற்காலையில் மட்டும் சைஸ் அவுட் ஆவது ஏன்?

கேள்வி: கோவையில் சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் மெஷின்) செட்டராக இருக்கிறேன். நைட் ஷிப்ட் வாரங்களில் மட்டும் விடியற்காலை 3, 4 மணிக்கு சைஸ் அவுட்டாகி (அளவு வரம்பைத் தாண்டி) பீஸ் ரிஜெக்ட் ஆகிறது. கோளாறு மெஷினிலா, என்னிடமா?

பதில்: ஐந்து பீஸுக்கு ஒருமுறை அளவையும் நேரத்தையும் எழுதி வாருங்கள், பிடிபட்டுவிடும். வெளிவிட்டம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால் இன்சர்ட் (வெட்டும் முனை) தேய்கிறது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து வரும் முதல் சில பீஸ்கள் மட்டும் மாறினால் ஸ்பிண்டில் (பீஸைச் சுழற்றும் தண்டு) ஆறிப்போயிருக்கிறது; சில நிமிடம் வெறுமனே ஓட்டிவிட்டு ஆரம்பியுங்கள். ஒரே ஒரு பீஸ் தவறினால் பீஸைப் பிடிக்கும் சக் ஜாவில் சிப்ஸ் (உலோகச் சீவல்) சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சூட்டோடு அளக்கவும் வேண்டாம். 50 மி.மீ. ஸ்டீல் பீஸ் 10 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும்.

அளவு திடீரென்று தாவினால்தான் ஆஃப்செட்டை, அதாவது டூலின் நிலையைத் திருத்த கன்ட்ரோலில் போடும் எண்ணை, சந்தேகிக்க வேண்டும். 0.02 மி.மீ. கூடுதலாக இருந்தது, திருத்திய பிறகு 0.04 மி.மீ. கூடுதலாக வந்தால், மைனஸுக்குப் பதில் பிளஸ் போட்டிருக்கிறீர்கள். ஃபனுக் கம்பெனி கன்ட்ரோலில் 'இன்புட்' அழுத்தினால் பழைய எண் போய்ப் புதியது உட்காரும். 'பிளஸ் இன்புட்' இருப்பதோடு கூட்டும். தூக்கக் கலக்கத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை அழுத்திவிடுவது எளிது. பழைய எண், திருத்தம், வரவேண்டிய எண் மூன்றையும் முதலில் தாளில் எழுதுங்கள். அழுத்திய பின் திரையோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் சைக்கிள் ஸ்டார்ட்.

இந்தத் தவறை வெறும் அலட்சியம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். விடியற்காலை 3 முதல் 5 மணி வரை உடலின் வெப்பம் தாழ்ந்து விழிப்பும் குறையும். எத்தனை வருட அனுபவசாலிக்கும் இதுதான் நிலை. அதனால் புது ஜாப் செட்டிங், புரோகிராம் திருத்தம் எல்லாவற்றையும் இரவு 2 மணிக்குள் முடிக்கவும், விடியற்காலையில் ஓடிப் பழகிய ஜாபையே ஓட்டவும் சூப்பர்வைசரிடம் கேளுங்கள். எழுதி வைத்த தாளைக் காட்டிக் கேட்டால் மறுப்பது கடினம். நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

கடைசி டீ 1 மணிக்கு மேல் வேண்டாம். காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். இடைவேளையில் 20 நிமிடம் கண்ணயர அனுமதி இருந்தால் தயங்காதீர்கள். கண் சொக்கும் காலைகளில் பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.

பகல் ஷிப்ட் தாளிலும் அதே தாவல் தெரிந்தால் டூல்களைத் தாங்கும் டரெட்டையும் அதை நகர்த்தும் பால் ஸ்குரூவையும் மெயின்டெனன்ஸ் ஆட்களிடம் பார்க்கச் சொல்லுங்கள்.