பிறந்தநாள் மன்னிப்பு

கேள்வி: ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் நாட்டை ஆண்ட டியூக் கார்ல் ஆய்கன், தன் 50ஆவது பிறந்தநாளில் தன் தவறுகளை ஒப்புக்கொண்டு ஓர் அறிக்கை எழுதி, தேவாலயந்தோறும் வாசிக்க வைத்தார். கவிஞர் ஷில்லரைப் படிக்க வைத்தவரும் அவரே. அவரைப் போய் 'கொடுங்கோலன்' என்று போன இதழில் எழுதிவிட்டீர்களே, நியாயமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அறிக்கை வாசிக்கப்பட்டது உண்மைதான். 1778 பிப்ரவரி 11. நானும் மனிதன்தானே, இளமையில் சறுக்கிவிட்டேன், இனி பாருங்கள் என்கிற தோரணை. சறுக்கல்கள் கொஞ்சநஞ்சமல்ல. 16 வயதில் ஆட்சிக்கு வந்தவர், அரண்மனைக்கு மேல் அரண்மனை கட்டினார். இசை நாடகத்துக்குப் பணத்தை வாரி இறைத்தார். 1752இல் பிரான்சிடம் பணம் வாங்கிக்கொண்டு 6,000 வீரர்களைத் தருவதாக ஒப்பந்தம் போட்டார். நாட்டு மன்றத்தின் சட்ட ஆலோசகர் மோசர் குறுக்கே நின்றார். அவருக்கு விசாரணையே இல்லாமல் ஐந்து வருடம் சிறை. சரி, இதெல்லாம் மன்னிப்புக்கு முந்தைய கணக்கு, விட்டுவிடுவோம்.

அந்த அறிக்கை வாசிக்கப்பட்ட நாளில் ஹோகனாஸ்பெர்க் கோட்டைச் சிறையில் ஒரு பத்திரிகை ஆசிரியர் இருந்தார். பெயர் ஷூபார்ட். நம்ம தொழில்காரர், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். அவர் இருந்த ஊல்ம் நகரம் டியூக்கின் எல்லைக்கு வெளியே. அங்கே உட்கார்ந்து டியூக்கின் பள்ளியை அடிமைப் பண்ணை என்றார், டியூக்கின் காதலியைக் கிண்டலடித்தார். 1777 ஜனவரியில் டியூக்கின் அதிகாரி ஒருவர் நயமாகப் பேசி அவரை எல்லைக்கு இந்தப் பக்கம், பிளாவ்பாய்ரனுக்கு வரவழைத்தார். வந்ததும் பிடித்தாயிற்று. தனிமைச் சிறையில் 377 நாள். பேனா கிடையாது, தாள் கிடையாது. பிறகு வேறு அறைக்கு மாற்றியதும் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கைதியிடம் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். வெளியே ஷூபார்ட்டின் மகனுக்கு டியூக்கின் அதே பள்ளியில் படிப்பு! தகப்பனை உள்ளே தள்ளிவிட்டுப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தயாள குணத்தை என்னவென்று சொல்வது?

மன்னிப்பு கேட்ட பிறகு அவரை விட்டாரா? இன்னும் ஒன்பது வருடம் வைத்திருந்தார்.

ஷில்லர் விஷயமும் அப்படித்தான். பையன் பாதிரியாராக ஆசைப்பட்டான். அப்பா டியூக்கின் படை அதிகாரி, மறுக்க வழியில்லை. 13 வயதில் டியூக்கின் அதே பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பள்ளி மட்டமென்று சொல்ல வரவில்லை, விலங்கியல் மேதை க்யூவியேகூட அங்கே படித்தவர்தான். ஆனால் தான் எழுதிய நாடகத்தைப் பார்க்க அனுமதி இல்லாமல் மான்ஹைமுக்குப் போனதற்காக ஷில்லருக்கு 14 நாள் காவல். அங்கே படித்த மருத்துவத்தைத் தவிர வேறெதுவும் எழுதக்கூடாது என்று உத்தரவு. 1782 செப்டம்பரில், ரஷ்ய இளவரசருக்காக அரண்மனை விளக்கொளியில் ஜொலித்த ஓர் இரவில், அவர் ஊரைவிட்டே ஓடினார். இதுவும் 1778க்குப் பிறகுதான் நடந்தது, கவனியுங்கள்.

பிறகு 1786இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒரு பேரம். சுமார் 2,000 பேர் கொண்ட படைப்பிரிவு, ஆப்பிரிக்காவின் கேப் முனைக்கு. பின்னாளில் அங்கிருந்து ஜாவா, இலங்கை என்று சிதறினார்கள். வீடு திரும்பியவர்கள் மிகக் கொஞ்சம். 1787 பிப்ரவரியில் முதல் அணி லுட்விக்ஸ்பர்கிலிருந்து புறப்பட்டபோது, அவர்களுக்கு வழியனுப்புப் பாட்டு எழுதியவர் யார்? பக்கத்துக் கோட்டையில் அடைந்து கிடந்த ஷூபார்ட்.

அந்த மே மாதம் அவரை விடுவித்தார்கள். டியூக் கையோடு தன் அரசவை நாடக அரங்கின் பொறுப்பையும் கொடுத்தார். ஷூபார்ட் 1791இல் இறந்தார். பத்து வருடம் எதற்காக உள்ளே இருந்தார் என்று எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை.