மெழுகுக் கட்டையை முதலில் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து ரத்தம் பட்டது. யோனிக்குள் இருந்த சிறு கட்டியில் பயாப்ஸி எடுத்தார்கள். ‘மெலனோமாவாக இருக்கலாம்’ என்று ரிப்போர்ட். கட்டி கறுப்பாகவே இல்லையே? இந்த வாரமே கர்ப்பப்பையோடு எடுத்துவிடலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: இந்த வாரமே வேண்டாம். வேகமாகப் பரவும் நோய்தான், மாதக்கணக்கில் தள்ளவும் கூடாது. ஆனால் ‘இருக்கலாம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் கத்தியை எடுக்கக் கூடாது.

மெலனோமா என்பது நிறமி செல்களில் தொடங்கும் புற்றுநோய். அதனால் மெலனோமா என்றாலே கறுப்பு மச்சம் என்று மனதில் பதிந்துவிட்டது. யோனியில் வருவது பெரும்பாலும் கறுப்போ கருநீலமோதான். ஆனால் நிறமியே உண்டாக்காத வகையும் உண்டு: இளஞ்சிவப்பாக, தொட்டாலே ரத்தம் கசியும் பாலிப் போல இருக்கும். பாலிப்தானே என்று சுட்டுத் தீய்த்துவிட்டால் பரிசோதிக்கச் சதையே மிஞ்சாது. மைக்ராஸ்கோப்பிலும் இது சார்கோமா, கார்சினோமா என்ற வேறு வகைப் புற்றுநோய்கள் போல ஏமாற்றும். அதனால் எஸ்100, சாக்ஸ்10, மெலான்-ஏ, எச்எம்பி45 சாயச் சோதனைகள் ரிப்போர்ட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பாதி ரிப்போர்ட். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் நார்மல் என்பதில் ஆறுதல் தேடாதீர்கள், அது இந்த நோயைத் தேடும் சோதனையே அல்ல.

பயாப்ஸி பார்த்த லேபில் ஸ்லைடுகளோடு பாரஃபின் பிளாக்கையும், அதாவது சதை பதிந்த அந்த மெழுகுக் கட்டையையும், மறுபரிசோதனைக்காகக் கையெழுத்துப் போட்டு நீங்களே வாங்குங்கள். ‘ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்புங்க, பெரிய டாக்டர்கிட்ட காட்டுறோம்’ என்று வரும் ஏஜென்டுகள் காட்டுவது காகிதத்தை, சதையை அல்ல. கட்டையையும் அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். சின்னக் கட்டை அது, ஒவ்வொரு தடவை சீவும்போதும் தேயும். சாயச் சோதனைக்குச் சீவும்போதே ஜீன் சோதனைக்கும் சில சீவல்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கேஐடி, பிராஃப், என்ராஸ் என்ற மூன்று ஜீன்களும் கட்டாயம். நூற்றுக்கணக்கான ஜீன்கள் அடங்கிய ‘பேக்கேஜ்’ வேண்டுமா என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர் சொல்லட்டும், விற்பவர் அல்ல.

உறுதியானதும் இடுப்பு எம்ஆர்ஐ, நோய் உடலில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் சிடி ஸ்கேன், மூளைக்கு எம்ஆர்ஐ. பரவவில்லை என்றால் கட்டியைச் சுற்றிலும் நல்ல சதை வரும்வரை வெட்டி எடுப்பதுதான் முதல் சிகிச்சை. அதற்குக் கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கலாம். நிறைய எடுத்தால் நிறைய நாள் வாழலாம் என்பதற்கு மட்டும் ஆதாரமில்லை. மகளிர் மருத்துவர், நோயியல் நிபுணர், புற்றுநோய் மருத்துவர் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் முடியும் முடிவு இது. ஆளுக்கொரு சீட்டு எழுதி அனுப்பி அனுப்பியே வாரங்களைத் தின்கிறார்கள்.

பரவியிருந்தால் நிவோலுமாப், இபிலிமுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடுபவை. கேஐடி ஜீனில் மாற்றம் இருந்தால் சிலருக்கு இமாடினிப் மாத்திரை கேட்கும். இம்யூனோதெரபி தொடங்கிய பின் வழக்கத்தைவிட 4 தடவை கூடுதலாக வயிற்றோட்டம் போனால், கடையில் மாத்திரை வாங்கி அடக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது குடல் அழற்சியாக இருக்கலாம்.