யாரும் பார்க்காவிட்டால் எலக்ட்ரானுக்கு இடமில்லையா?

வணக்கம். கடலூரில் இளநிலை இயற்பியல் படிக்கும் நீங்கள், புதுச்சேரியில் கேட்ட ஒரு சொற்பொழிவில் மனிதர் பார்ப்பதால்தான் எலக்ட்ரான் ஓரிடத்தில் நிலைகொள்கிறது என்று சொல்லப்பட்டதாகவும், அப்படியானால் மனிதர் தோன்றுமுன் உலகம் எப்படி இருந்தது என்ற கேள்வி உறக்கத்தைக் கெடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த முடிவை நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை.

2004-இல் வெளியான வியன்னா சோதனை ஒன்றைப் பாருங்கள். 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைக் கீற்றணிகள் (நெருக்கமான பல பிளவுகள் கொண்ட தடுப்புகள்) வழியே செலுத்தியபோது, பல பாதைகளின் அலைகள் கலப்பதால் தோன்றும் குறுக்கீட்டுப் பட்டைகள் தெரிந்தன. அவற்றை லேசரால் சூடேற்றச் சூடேற்ற, வழியில் அவை உமிழ்ந்த ஒளித்துகள்களான ஃபோட்டான்கள் பாதை பற்றிய தகவலைச் சுமந்து சென்றுவிட, பட்டைகள் படிப்படியாக மங்கி மறைந்தன. அந்த ஃபோட்டான்களை யாரும் பார்க்கவில்லை, பிடிக்கவுமில்லை. அளவீட்டில் மனத்துக்குப் பங்குண்டு என்று 1961-இல் எழுதிய இயற்பியலாளர் யூஜீன் விக்னரே பிற்காலத்தில் அக்கருத்தைக் கைவிட்டார்.

ஆனாலும் உங்கள் கேள்வி தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பட்டைகள் ஏன் மறைகின்றன என்பதற்கே இது விடை. பல வாய்ப்புகளில் ஒன்று மட்டும் ஏன் கருவியில் பதிவாகிறது என்பதற்கு அல்ல. துகளுக்கு எப்போதும் திட்டமான இடமுண்டு என்றார் இயற்பியலாளர் டேவிட் போம் (1952). எல்லா விளைவுகளுமே நிகழ்கின்றன என்பது இன்னொரு இயற்பியலாளரான ஹியூ எவரெட்டின் (1957) வழி. இரண்டுக்குமே மனம் தேவைப்படவில்லை. எனக்குப் போமின் வழியே தெளிவாகப் படுகிறது. தொலைவிலுள்ள துகள்கள் ஒன்றையொன்று உடனடியாகப் பாதிக்கும் என்று ஏற்க வேண்டியிருப்பதுதான் அதில் இடறுகிறது.

இரு பாதைகளுக்கான அடர்த்தி அணியை, அதாவது பாதைகளின் நிகழ்தகவுகளையும் அவற்றிடையேயான குறுக்கீட்டையும் காட்டும் எண் அட்டவணையை, ஒருமுறை எழுதிப் பாருங்கள். பட்டைகளைத் தரும், மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள உறுப்புகள் ஃபோட்டான்கள் வெளியேற வெளியேறச் சுழியை நெருங்கும்; மூலைவிட்டத்தில் இரண்டு நிகழ்தகவுகளும் அப்படியே நிற்கும்.