‘பாக்கலாமுங்க’: ஓடாத கீசரும் பிடி கொடுக்காத வீட்டுக்காரரும்

வாடகை வீட்டில் ரிப்பேர் என்று போய் நின்றால், நம் கொங்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். “பாக்கலாமுங்க” என்பார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது, கீசர் மட்டும் ஓடாது. இந்த முறை வாசகர்கள் அனுப்பியதில் அப்படிப்பட்ட கேள்விகளாகவே பதில் சொல்ல எடுத்துக்கொண்டேன். நான் ஈரோட்டில் வாடகை வழக்கு பார்க்கிற வக்கீல் என்பதால் சட்டம் தெரியும். பள்ளி விடுமுறை முழுக்க மாமாவின் மோட்டார் வைண்டிங் கடையில் எடுபிடியாக இருந்ததால் மெஷின் பக்கமும் கொஞ்சம் தெரியும்.

சிங்காநல்லூரில் குடியிருக்கிறோம். வரும்போதே பாத்ரூமில் கீசர் இருந்தது. மார்கழியில் சுவிட்சைப் போட்டாலே டிரிப் ஆக ஆரம்பித்தது. மாசி பிறந்தும் ஓனர் ஆள் அனுப்பவில்லை. “சட்டப்படி நீங்கள்தான் சரிசெய்து தர வேண்டும்” என்று கறாராகச் சொல்லிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் அக்ரிமென்ட்டை எடுத்துப் படியுங்கள். ஏனென்றால் சட்டம் நீங்கள் நினைக்கிற பக்கம் இல்லை.

1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது கிடையாது. அதற்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. எந்த ரிப்பேர் யார் தலையில் என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. கட்டடத்தின் அடிப்படை ரிப்பேர், வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் இவை வீட்டுக்காரருடையவை. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவருடையவை. அந்த இரண்டாவது பட்டியலில் கீசர் ரிப்பேரும் இருக்கிறது, பெயர் சொல்லியே. “மாட்டினவர் அவர், அதனால் அவர்தான் பார்க்கணும்” என்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் அக்ரிமென்ட்டில் அப்படி ஒரு வரி இருந்தால்தான் செல்லும். இருந்தால் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

வரி இல்லையென்றாலும் கதை முடியவில்லை. எது கெட்டது என்று பாருங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து, கீசரின் பிளக்கைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அப்போதும் டிரிப் ஆனால் கோளாறு அனேகமாகச் சுவருக்குள் போகிற வயரில். அது வீட்டுக்காரர் கணக்கு. பிளக் மாட்டினால் மட்டும் டிரிப் ஆனால் கீசருக்குள் காயிலில், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பியில், கரண்ட் லீக். அது உங்கள் கணக்கு.

காயில் ஏன் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுவாணித் தண்ணீர் உப்புக் குறைந்த மென்மையான தண்ணீர், அதில் ஓடுகிற கீசர் வருடக்கணக்கில் தாங்கும். போர் தண்ணீர் அப்படியில்லை. பல்லடம் பக்கத்து வீடு ஒன்றில் கழற்றின காயிலைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். விரல் மொத்தக் கம்பி, மூன்று விரல் மொத்தத்துக்கு வெள்ளையாகப் பூத்து, தட்டினால் சுண்ணாம்புச் சில்லு மாதிரி உதிர்ந்தது. அந்த உப்புக்கு அடியில் சூடு வெளியேற வழியில்லாமல் காயில் வெடித்து, கரண்ட் தண்ணீரில் இறங்கும். டிரிப்பர் விழுவது அதனால்தான். “டிரிப்பரை பைபாஸ் பண்ணிடலாங்க, ஓடும்” என்று யாராவது சொன்னால் அந்த ஆளை அடுத்த முறை கூப்பிடாதீர்கள். கீசர் ஓடும், குளிக்கிறவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

என் யோசனை: காயில், தெர்மோஸ்டாட் போனால் நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. உள்டேங்க்கே ஓட்டையாகி ஒழுகினால் அந்தக் கீசருக்கு ஆயுள் முடிந்தது. புதிதாக வாங்கி மாட்டுவது வீட்டுக்காரரின் சொத்து, அந்தப் பணத்தை நீங்கள் போடாதீர்கள். கோளாறு வயரிங்கில் என்றால், அதை அவரிடம் சொல்வதற்கு, போனில் பேசுவதைவிட ஒரு வாட்ஸ்அப் போதும்:

“அண்ணா, வணக்கங்க. பாத்ரூம் கீசர் டிசம்பர் 18லிருந்து டிரிப் ஆகுது. இன்னைக்கு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார், வயரிங்கில் கோளாறுன்னு சொன்னார். போட்டோ அனுப்பியிருக்கேன். வர்ற ஞாயிறுக்குள்ள ஆள் அனுப்ப முடியுங்களா? இல்லீனா நானே செஞ்சு, பில்லை வாடகையில கழிச்சுக்கட்டுங்களா?”

தேதி இருக்கிறது, காரணம் இருக்கிறது, கெடு இருக்கிறது, ‘அண்ணா’வும் இருக்கிறது. “பாக்கலாம்” என்று பதில் வந்தாலும் அது எழுத்தில் வந்த “பாக்கலாம்”.

திருப்பூரில் லைன் வீடு. ஆறு குடித்தனத்துக்கும் ஒரே போர் மோட்டார். அது புகைந்து பன்னிரண்டு நாளாயிற்று. ஓனர் ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) போயிருக்கிறார், வந்து பார்க்கிறேன் என்கிறார். தண்ணீர் விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

நோம்பிக்குப் போனவருக்கு போன் இருக்கிறதல்லவா? ஆறு வீட்டுக்கும் பொதுவான மோட்டாரை ஒரு குடித்தனக்காரர் தலையில் கட்ட முடியாது, அது வீட்டுக்காரருடையது. தண்ணீர், கரண்ட் போன்ற அடிப்படை வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தி வைக்கக் கூடாது என்று சட்டம் தனியாகவே சொல்கிறது. மீறினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். இவர் துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாதவர். மோட்டார் தானாகப் புகைந்ததை ‘நிறுத்தி வைத்தார்’ என்று சொல்ல முடியுமா என வாதிடுவார்கள்தான். ஆனால் சொல்லிப் பன்னிரண்டு நாள் ஆன பிறகு அந்த வாதத்தில் பெரிய பலம் இருக்காது.

மனு வரைக்கும் போக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். கோயமுத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் மோட்டாருக்கு ஆள் கிடைக்காமல் எந்த வேலையும் நிற்பதில்லை. போருக்குள் இறங்கியிருக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரை மேலே ஏற்ற ஒரு நாள், காயில் சுற்றிக் காய வைக்க இரண்டு நாள், திரும்ப இறக்க அரை நாள். பெரிய செலவு வைண்டிங்கில்கூட இல்லை, எண்ணூறு, ஆயிரம் அடி நீளக் குழாயை ஏற்றி இறக்கும் கூலியில்தான். வீட்டுக்காரர் தயங்குவதும் அதற்காகத்தான். அதோடு, மோட்டார் எரிந்ததா, இல்லை மேலே பேனல் பெட்டியில் கெப்பாசிட்டர் மட்டும் போயிற்றா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கெப்பாசிட்டர் என்றால் அரை மணி நேர வேலை.

ஆறு பேரும் ஆளுக்கொரு நேரம் கூப்பிட்டு ஆளுக்கொன்று பேசாதீர்கள். எல்லோரும் பெயர் போட்டு ஒரே செய்தி அனுப்புங்கள். வாங்கின தண்ணீருக்கெல்லாம் ரசீது, ரசீது தராத வண்டி என்றால் தேதியும் தொகையும் ஒரு நோட்டில். வாடகையில் கழிப்பதாக இருந்தால் முதலிலேயே எழுதிச் சொல்லிவிட்டுக் கழியுங்கள். ஒரே மாதத்தில் முழுவதையும் கழிக்காமல், பாதி வாடகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பின்னால் பேச்சுக்கு இடமிருக்காது.

வீட்டோடு கொடுத்த ஃபிரிட்ஜ் ரிப்பேர், ஓனர் சரிசெய்யவில்லை. வாடகையை நிறுத்திவிட்டால் ஓடி வந்து செய்வார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? (கரூர்)

கூடாது. சரிசெய்யாத ஃபிரிட்ஜ் அவர் தப்பாக இருந்தது, வாடகை பாக்கி உங்கள் தப்பாகிவிடும். காலி செய்யச் சொல்ல நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி.

சரவணம்பட்டியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்த பிளாட். ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுடன் வாடகை. போன வருடம் ஏசிக்கு கேஸ் நிரப்பினோம், இந்த வருடமும் குளிரவில்லை. “கேஸ் தீர்ந்தால் பயன்படுத்துகிறவர்தான் போடணும், சிலிண்டர் மாதிரிதான்” என்கிறார் ஓனர்.

ஓனர் சொல்லும் உதாரணம் நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. அடுப்பு கேஸ் எரிந்து தீரும். ஏசி கேஸ் எரிவதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். வருடா வருடம் நிரப்புவது ஓட்டை டியூபுக்குக் காற்றடிப்பது மாதிரி. மெக்கானிக்கிடம் “கேஸ் போடுங்க” என்று சொல்லாதீர்கள், “லீக் எங்கேன்னு பாருங்க” என்று சொல்லுங்கள். காயிலில் ஓட்டை என்றால் அதை எழுதி வாங்கி ஓனருக்கு அனுப்புங்கள். ஃபில்டர் கழுவுவது, சர்வீஸ் செய்வது உங்கள் பொறுப்பு. அதை நீங்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்களா என்பதை நான் கேட்காவிட்டாலும் அவர் கேட்பார். நான்கு பையன்கள் குடியிருக்கும் வீட்டு ஃபில்டர் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும்.

சாமானோடு சேர்த்து வாடகை பேசும்போது அந்தச் சாமான் ஓடுவதற்கும் சேர்த்துத்தான் அதிக வாடகை தருகிறீர்கள். ஆனால் இதுவும் எழுத்தில் இருந்தால்தான் பலம். அடுத்த அக்ரிமென்ட்டில் ஒவ்வொரு சாமானின் பிராண்டு, வாங்கின வருடம், ரிப்பேர் யார், எத்தனை நாளுக்குள் என்று சேர்த்துவிடுங்கள். “மின்சாதனங்கள் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன” என்று பத்திரம் எழுதுகிறவர் வழக்கமாகப் போடும் ஒற்றை வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வரி உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

போக்கியத்துக்கு இருக்கிறோம். மாத வாடகையே இல்லாதபோது ரிப்பேர் செலவை எதில் கழிப்பது? (பொள்ளாச்சி)

கழிக்க ஒன்றும் இல்லைதான், அதனால்தான் போக்கியத்தில் இது சிக்கல். செலவு செய்யும் முன் தொகையைச் சொல்லி, “காலி செய்யும்போது போக்கியப் பணத்துடன் சேர்த்துத் தருகிறேன்” என்று வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை மூன்று வருடம் தாங்காது.

ஈரோட்டில் ஐந்து வருடம் இருந்த வீட்டைக் காலி செய்தோம். ஓனர் கொடுத்திருந்த ஃபிரிட்ஜ் கடைசி வருடம் கம்ப்ரசர் போய் நின்றது. இப்போது “புது ஃபிரிட்ஜ் விலை” என்று அட்வான்ஸில் 18,000 ரூபாய் பிடித்துக்கொண்டார். நாங்கள் வரும்போதே அது பழசு.

பழைய ஃபிரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் புது ஃபிரிட்ஜ் வாங்கிக்கொள்வது நல்ல வியாபாரம். நீங்கள் உடைத்திருந்தால் பிடிக்கலாம். தானாகத் தேய்ந்து போனதற்குப் பிடிக்கக் கூடாது. சாதாரணத் தேய்மானம் குடியிருப்பவர் பொறுப்பில் வராது. மெக்கானிக் அப்போது ஏதாவது எழுதிக் கொடுத்தாரா என்று தேடுங்கள். ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரக் குறியீட்டு ஸ்டிக்கரில் பெரும்பாலும் வருடம் இருக்கும். அதன் போட்டோ பழைய குடும்பப் படங்களில் எதிலாவது மாட்டியிருக்கலாம். சிரிக்காதீர்கள், எனக்கு வந்த ஒரு வழக்கில் பிறந்தநாள் கேக் வெட்டுகிற படத்துக்குப் பின்னால்தான் அத்தாட்சி கிடைத்தது.

காலி செய்து ஒரு மாதத்துக்குள் நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். கணக்கு எழுத்தில் கேளுங்கள். வரவில்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். இந்தத் தொகைக்கு நோட்டீஸோடு சமாதானமாவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அக்ரிமென்ட் பதிவு செய்யப்படாதது என்றால் வாடகை அதிகாரியிடம் போவதில் சிரமம் இருக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

வேலைக்குப் போயிருக்கும்போது ஓனர் தன் சாவியில் திறந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிடுகிறார். ரிப்பேர் ஆனது சந்தோஷம்தான், ஆனாலும்...

அந்த ‘ஆனாலும்’ நியாயமானது. 24 மணி நேரம் முன்பாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். “ஐயா, ரொம்ப நன்றிங்க. அடுத்த தடவை முந்தின நாளே ஒரு போன் போட்டீங்கன்னா நானும் இருப்பேன்” என்று சொல்லிப் பாருங்கள்.

இது வீட்டுக்காரர் கேள்வி. கோபியில் கீழே நாங்கள், மேலே குடித்தனம். எனக்கு 68 வயது, கணவர் இல்லை. மிக்ஸி ஜாருக்கும் பல்பு போனதற்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் “பாக்கலாம்” என்று சொல்வது ஏமாற்ற அல்ல, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாததால்தான்.

அம்மா, இந்தக் கடிதத்தை முதலிலேயே படித்திருந்தால் மேலே பாதிப் பதில்களைக் கொஞ்சம் மெதுவாக எழுதியிருப்பேன். பல்பும் ஜாரும் உங்கள் வேலை இல்லை, தயங்காமல் சொல்லிவிடுங்கள். மற்றதற்கு, பக்கத்திலேயே ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு பிளம்பர் இருவரையும் பேசி வைத்து நம்பரைக் குடித்தனக்காரரிடம் கொடுங்கள். “1,000 ரூபாய் வரைக்கும் என்னைக் கேட்க வேண்டாம், செய்துகொண்டு பில்லைக் கொடுங்கள், வாடகையில் கழித்துக்கொள்ளலாம்” என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேலே போனால் மட்டும் உங்களிடம் வரட்டும். மேலே கிடக்கும் பழைய கிரைண்டர், ஏர்கூலர் எதுவும் ஓடும் என்று உங்களுக்கே நிச்சயமில்லை என்றால் வாடகைக் கணக்கில் சேர்க்காமல் கீழே இறக்கி வைத்துவிடுங்கள். கிரைண்டரை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கல் நன்றாக இருந்தால் பெல்ட் மாற்றி, கல்லைக் கொத்தி வைத்தால் இன்னும் பத்து வருடம் மாவாட்டும்.